பச்சைத் தண்ணீர் எல்லாம் நஞ்சா? நீலப்பச்சைப் பாசியின் மரபணு சொல்லும் பதில்

ஜொகூரில் குளுவாங், பத்து பகாட் வட்டாரங்களில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரில் ஒரு பகுதி செம்ப்ரோங் அணையிலிருந்து வருகிறது. 1984இல் வெள்ளத் தடுப்புக்காகக் கட்டப்பட்ட அணை அது. பின்னர் குடிநீருக்கும் அதையே நம்பும் நிலை வந்தது. அதிக ஆழமில்லாத நீர்த்தேக்கம், சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள், ஆண்டு முழுதும் வெயில். மழை பெய்யும்போது தோட்டத்து உரத்தில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் ஓடைகள் வழியே அணையில் சேர்கின்றன. அதனால் செம்ப்ரோங் நீர் பச்சையாவதும், சுத்திகரிப்பு நிலையங்கள் பாசியோடு போராடுவதும் அந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. பாரிட் ராஜாவில் உள்ள துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு அது பல ஆண்டுகளாகப் பழகிய ஆய்வுக்களம்.

இது செம்ப்ரோங்கின் பிரச்சினை மட்டுமல்ல. தேசிய நீரியல் ஆய்வுக் கழகமான நாஹ்ரிம் 2005இல் நாட்டின் 90 ஏரிகள், நீர்த்தேக்கங்களின் நிலையைத் தொகுத்துப் பார்த்தபோது, அவற்றில் 56, அதாவது 62 விழுக்காடு, அளவுக்கு மீறி ஊட்டச்சத்து சேர்ந்தவை என்று தெரியவந்தது. அப்படிப்பட்ட நீரில்தான் பாசி பெருகும்.

பச்சையாகத் தெரியும் தண்ணீர் எல்லாம் நஞ்சா என்பதுதான் பொதுமக்களின் கேள்வி. இல்லை என்பதே நேரடியான பதில். ஆனால் எது நஞ்சு, எது நஞ்சில்லை என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நிறத்தையோ வாடையையோ வைத்தும் முடிவு கட்ட முடியாது. நுண்ணோக்கியில் ஒரே மாதிரித் தெரியும் இரண்டு பாசிகளில் ஒன்று கல்லீரலைச் சிதைக்கும் நஞ்சைத் தயாரிக்கும், மற்றது எதுவும் செய்யாது. இந்த வேறுபாடு அவற்றின் மரபணுவில் இருக்கிறது.

பாசி என்ற பெயரில் ஒரு பாக்டீரியா

தமிழில் 'பாசி' என்ற சொல் குளத்தங்கரையில் வழுக்கும் பச்சை முதல் கடலில் மிதக்கும் தாவரம் வரை எல்லாவற்றையும் குறிக்கும். நீலப்பச்சைப் பாசி என்று நாம் சொல்வது உண்மையில் பாசியே அல்ல. அது சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர். சூரிய ஒளியில் தன் உணவைத் தானே தயாரித்து ஆக்சிஜனை வெளியிடும். 200 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியதே இந்த உயிரினத்தால்தான். இன்றும் வயல்களில் அசோலா என்ற நீர்ச்செடிக்குள் வாழ்ந்து காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து நெற்பயிருக்கு உரமாக்குவது இதன் ஒரு வகை. ஆகவே இந்த இனத்தையே எதிரியாகப் பார்க்க வேண்டியதில்லை.

வெப்பமண்டல நன்னீரில் அதிகக் கவலை தருவது மைக்ரோசிஸ்டிஸ் என்ற வகை. இதன் உயிரணுக்களுக்குள் சிறு காற்றுப் பைகள் உண்டு. அவற்றின் உதவியால் ஒளி கிடைக்கும் மேல்மட்டத்துக்கு மிதந்து வந்து, காற்றில்லாத நாள்களில் பச்சைச் சாயம் கொட்டியது போல் பரந்து நிற்கும். குளிர்நாடுகளில் இந்தப் பெருக்கம் பெரும்பாலும் கோடைக்கால விவகாரம். ஜொகூரில் அப்படி ஓய்வு தரும் பருவம் எதுவும் இல்லை.

மைக்ரோசிஸ்டிஸ் தயாரிக்கும் நஞ்சின் பெயர் மைக்ரோசிஸ்டின். ஏழு அமினோ அமிலங்கள் வளையமாகக் கோக்கப்பட்ட சிறிய மூலக்கூறு. புரதங்களும் அமினோ அமிலங்களால் ஆனவைதாம். ஆனால் இந்த நஞ்சு புரதம் தயாராகும் வழியில் தயாராவதில்லை.

55,000 எழுத்துகளில் ஒரு தொழிற்சாலை

எல்லா உயிரணுக்களிலும் ரைபோசோம் என்ற பொதுவான இயந்திரம் இருக்கிறது. மரபணுவின் செய்தியைப் படித்து, அடிப்படையில் 20 வகை அமினோ அமிலங்களை மட்டும் கொண்டு அது புரதத்தைக் கோக்கும். மைக்ரோசிஸ்டினில் இருக்கும் சில பொருள்கள் அந்த 20இல் அடங்காதவை. குறிப்பாக 'அட்டா' என்ற நீண்ட வால் கொண்ட அமினோ அமிலம். நஞ்சுக்குக் கூர்மை தருவதே அந்த வால்தான். ரைபோசோமுக்கு இதைக் கையாளத் தெரியாது. எனவே சயனோபாக்டீரியா இதற்கென்றே தனித் தயாரிப்பு வரிசை ஒன்றை வைத்திருக்கிறது.

சினாய், பாசிர் கூடாங் தொழிற்சாலைகளில் மின்னணுப் பலகை தயாராகும் வரிசையில் நின்று வேலை செய்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பலகை ஒவ்வோர் ஆளாகக் கடந்து போகும். ஒருவர் ஒரு பாகத்தைப் பொருத்துவார், அடுத்தவர் இன்னொன்றை. நுண்ணுயிருக்குள் அந்த ஆட்களின் இடத்தில் இருப்பவை மாபெரும் நொதிகள். ஒவ்வொரு நொதியிலும் சரியான அமினோ அமிலத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு பகுதி, அதைப் பிடித்து வைத்திருக்க ஒரு பகுதி, முன்னால் வந்த சங்கிலியோடு இணைக்க ஒரு பகுதி உண்டு. கடைசியில் நிற்கும் பகுதி சங்கிலியின் இரு முனைகளையும் சேர்த்து வளையமாக்கி வெளியே விடும். எந்தப் பாகம் எந்த வரிசையில் சேரும் என்பதை, ஆட்கள் நிற்கும் வரிசையே தீர்மானிக்கிறது.

இந்த வரிசைக்கான முழு வரைபடம் 2000ஆம் ஆண்டில் வெளியானது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் டில்லெட், பிரெட் நீலன் ஆகியோரும், ஜெர்மனியின் பெர்லினைச் சேர்ந்த எல்கே டிட்மான், தாமஸ் பெர்னர் உள்ளிட்டோரும் சேர்ந்து அதைக் கண்டறிந்தனர். அவர்கள் ஆராய்ந்தது 1972இல் நெதர்லாந்தின் பிராக்மான் நீர்த்தேக்கத்திலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட ஒரு மைக்ரோசிஸ்டிஸ் வகை. மைக்ரோசிஸ்டினுக்கான 10 மரபணுக்கள் அதில் அடுத்தடுத்து ஒரே இடத்தில் இருந்தன. அவற்றுக்கு 'எம்சிஒய்' மரபணுக்கள் என்று பெயர், ஏ முதல் ஜே வரை. மொத்த நீளம் சுமார் 55,000 எழுத்துகள். அந்த உயிரின் மரபணுத் தொகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு இந்த ஒரு நஞ்சுக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு சிறிய உயிருக்கு அது பெரிய முதலீடு.

இந்தப் பத்தும் ஒரே வேலையைச் செய்வதில்லை. சில அமினோ அமிலங்களைக் கோக்கும். சில அட்டாவின் வாலை நீட்டும். ஒன்று மெத்தில் என்ற சிறு கூறை ஒட்டும். 'எச்' என்ற மரபணுவின் வேலை, தயாரான நஞ்சை இடம் மாற்றுவது என்று கருதப்படுகிறது.

மரபணுதான் காரணம் என்பதற்கு இதற்கு முன்பே, 1997இல், டிட்மானும் சக ஆய்வாளர்களும் ஆதாரம் காட்டியிருந்தனர். அதே நெதர்லாந்து வகையில் இந்த மரபணுக்களில் ஒன்றை மட்டும் அவர்கள் உடைத்தனர். பாசி வழக்கம்போல் வளர்ந்தது, நிறமும் மாறவில்லை. ஆனால் மைக்ரோசிஸ்டின் ஒரு துளியும் உண்டாகவில்லை. ஆய்வகத்தில் மனிதர் செய்த இந்த வேலையை இயற்கை நெடுங்காலமாகவே செய்து வருகிறது. இந்த மரபணுத் தொகுதி மிகப் பழமையானது என்றும், இன்று நஞ்சில்லாமல் இருக்கும் பல வகைகள் முன்னோரிடம் இருந்ததை இழந்தவை என்றும் 2004இல் பின்லாந்து ஆய்வாளர்கள் காட்டினர். ஒரே ஏரியில், ஒரே நாளில், வரைபடம் உள்ள மைக்ரோசிஸ்டிஸும் அதை இழந்த மைக்ரோசிஸ்டிஸும் கலந்தே மிதப்பது இதனால்தான்.

ஆளை மாற்றினால் சரக்கு மாறும்

தயாரிப்பு வரிசையில் ஓர் ஆள் வேறு பாகத்தைப் பொருத்தினால் வெளிவரும் பலகையும் வேறாகிவிடும். மைக்ரோசிஸ்டினில் இரண்டு இடங்கள் அப்படி அடிக்கடி மாறுபவை. அவற்றில் லியூசினும் ஆர்ஜினினும் அமர்ந்தால் அது மைக்ரோசிஸ்டின்-எல்ஆர், மிக அதிகமாக ஆராயப்பட்டது. இதுவரை 250க்கும் மேற்பட்ட மாற்று வடிவங்கள் பட்டியலிடப்பட்டுள்ளன.

இரண்டு ஆட்களை வரிசையிலிருந்து எடுத்தே விட்டால்? அப்படித்தான் நொடுலாரின் பிறந்தது என்று மரபணு ஒப்பீடு காட்டுகிறது. அதில் ஏழுக்குப் பதில் ஐந்து அமினோ அமிலங்கள், ஆனால் கல்லீரலைத் தாக்கும் குணம் அதேதான். 1878இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் தண்ணீர் குடித்த ஆடு, குதிரை, நாய் எல்லாம் செத்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் 'நேச்சர்' இதழில் எழுதினார். நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு பற்றிய தொடக்கக் கால அறிவியல் பதிவு அது. அங்கே மிதந்தது நொடுலாரின் தயாரிக்கும் இனம்.

இன்னும் வியப்பானது ராபிடியாப்சிஸ் ராசிபோர்ஸ்கி என்ற இனத்தின் கதை. பழைய நூல்களில் இதன் பெயர் சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சிஸ். 1912இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டபோது கையில் இருந்த மாதிரி நமக்கு அண்டை நிலமான ஜாவாவிலிருந்து வந்தது. இதே இனம் ஆஸ்திரேலியாவில் சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சின் என்ற நஞ்சைத் தயாரிக்கிறது. அது கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். பிரேசிலில் இதே இனத்தின் வகைகள் சாக்ஸிடாக்சின் என்ற நரம்பு நஞ்சைத் தயாரிக்கின்றன. பெயர் ஒன்று, தோற்றம் ஒன்று, நஞ்சு மட்டும் வேறு. 2008இல் இந்த இரண்டு நஞ்சுகளுக்கான மரபணுத் தொகுதிகளும் தனித்தனியே கண்டறியப்பட்டபோது இதற்கு விளக்கம் கிடைத்தது. எந்த இனம் மிதக்கிறது என்று மட்டும் சொல்லும் அறிக்கை போதாது என்று நீரியலாளர்கள் வலியுறுத்துவதன் காரணமும் இதுவே.

வரைபடம் கையில் இருந்தாலும் தொழிற்சாலை ஒரே வேகத்தில் ஓடாது. ஒளி அதிகமானால், இரும்புச் சத்து குறைந்தால், நைட்ரஜனின் அளவு மாறினால் எம்சிஒய் மரபணுக்களின் வேலை கூடும் அல்லது குறையும். உயிரணுவில் நைட்ரஜனையும் இரும்பையும் கவனிக்கும் கட்டுப்பாட்டுப் புரதங்கள் இந்த மரபணுக்களின் தொடக்கப் பகுதியில் வந்து ஒட்டுவது தெரியவந்துள்ளது. நஞ்சால் அந்த உயிருக்கு என்ன லாபம் என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. மைக்ரோசிஸ்டின் உயிரணுவின் சொந்தப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு கடும் வெளிச்சத்தின் பாதிப்பிலிருந்து அவற்றைக் காக்கிறது என்று 2011இல் ஓர் ஆய்வு காட்டியது. மனிதனைக் கொல்வது அதன் நோக்கமாக இருந்திருக்க முடியாது. இந்த மரபணுக்கள் மனித இனத்தைவிட மிக மூத்தவை.

கருவாருவில் நடந்தது

உடலுக்குள் வந்த மைக்ரோசிஸ்டின் நேரே கல்லீரலுக்குப் போகும். பித்த உப்புகளை உள்ளே கொண்டுவரும் வாயில்கள் வழியே கல்லீரல் அணுக்களுக்குள் நுழைந்து, பாஸ்படேஸ் என்ற முக்கிய நொதிகளை முடக்கும். அணுவின் சட்டகம் சரிந்து உள்ளே இரத்தம் கசியும். சிறு அளவில் நீண்ட காலம் சேர்ந்தால் புற்றுநோய்க்கு வழி வகுக்கலாம் என்ற ஐயத்தில், மைக்ரோசிஸ்டின்-எல்ஆரை அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2பி பிரிவில் வைத்திருக்கிறது.

பிரேசிலின் கருவாரு நகரில் 1996 பிப்ரவரியில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு, முழுமையாகச் சுத்திகரிக்கப்படாத நீர்த்தேக்கத் தண்ணீர் லோரியில் கொண்டுவரப்பட்டது. சுமார் 130 நோயாளிகளில் 116 பேருக்குப் பார்வைக் கோளாறும் குமட்டலும் வாந்தியும் ஏற்பட்டன. சுமார் நூறு பேருக்குக் கல்லீரல் செயலிழந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நேர்ந்த மரணங்களில் 52 மரணங்களுக்கு இந்த நஞ்சே காரணம் என்று முடிவானது. குடிப்பதற்கும் டயாலிசிஸுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஒரு டயாலிசிஸ் முறைக்கு 120 லிட்டர் அளவு தண்ணீர் தேவை. அதற்கும் இரத்தத்துக்கும் இடையே ஒரு மெல்லிய சவ்வு மட்டுமே தடுப்பு. மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு மற்ற இனத்தாரைவிட அதிகம். சிறுநீரகம் பழுதடைந்து வாரம் மூன்று முறை டயாலிசிஸ் மையத்துக்குச் சென்றுவரும் உறவினர் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இன்றைய மையங்களில் எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் தண்ணீரை வடிகட்டுவதும், கார்பன் வடிகட்டியை ஒழுங்காக மாற்றுவதும் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கருவாரு போதிய சான்று.

குடிநீரில் மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் லிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் 1998இல் வகுத்த அளவு. 2020இல் அது மறு ஆய்வு செய்யப்பட்டபோது, வாழ்நாள் முழுதும் குடிப்பதற்கு 1 மைக்ரோகிராம் என்றும், குறுகிய காலத்துக்கு 12 வரை என்றும் பிரித்துச் சொல்லப்பட்டது. 25 லட்சம் லிட்டர் கொள்ளும் ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் இரண்டரை கிராம் கரைத்தால் அந்த 1 மைக்ரோகிராம் அளவு வந்துவிடும்.

கொதிக்க வைத்தால் போகாது

மைக்ரோசிஸ்டின் வளைய வடிவம் கொண்டதால் சூட்டுக்கு அசையாது. பாசி கலந்த நீரைக் கொதிக்க வைத்தால் உயிரணுக்கள் உடைந்து உள்ளே இருந்த நஞ்சும் வெளியே வரும், நீர் வற்றும்போது செறிவும் கூடும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரில் ஈரி ஏரிப் பாசியின் நஞ்சு குழாய் நீரில் கலந்தபோது, தண்ணீரைக் குடிக்க வேண்டாம், கொதிக்கவும் வைக்க வேண்டாம் என்றே அறிவிக்கப்பட்டது. நான்கு லட்சத்துக்கும் அதிகமான மக்கள் மூன்று நாள் போத்தல் தண்ணீரை நம்பி இருந்தனர்.

பாசியை மருந்து போட்டுக் கொல்வதிலும் இதே ஆபத்து உண்டு. 1979இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் குடிநீர் அணையில் பெருகிய பாசியைக் கொல்லச் செம்பு சல்பேட் போட்டனர். சில நாள்களில் 138 சிறுவர்களும் 10 பெரியவர்களும் கல்லீரல் வீக்கம், வாந்தி, சிறுநீரகப் பாதிப்போடு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பாலோர் அத்தீவின் பூர்வகுடியினர். உயிரிழப்பு இல்லை. மர்ம நோய் என்று அழைக்கப்பட்ட அதன் காரணம் பிறகுதான் தெரிந்தது: செத்த பாசி தன்னுள் இருந்த சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சினை ஒரேயடியாக நீரில் கொட்டியிருந்தது.

ஆகவே சுத்திகரிப்பு நிலையத்தில் முதல் வேலை பாசியை உயிரோடு, உடையாமல் அகற்றுவது. படிகாரம் போன்றவற்றால் திரளச் செய்து படிய வைக்கலாம். மைக்ரோசிஸ்டிஸ் மிதக்கும் குணம் கொண்டது என்பதால், நுண்ணிய காற்றுக் குமிழிகளால் மேலே தூக்கி வழித்தெடுப்பது இன்னும் எளிது. பிறகு கரைந்து நிற்கும் நஞ்சைச் செறிவூட்டிய கார்பன் பிடித்துக்கொள்ளும், ஓசோன் சிதைக்கும். குளோரினும் சிதைக்கும், நீரின் காரத்தன்மை 8க்குக் குறைவாக இருந்து போதிய நேரமும் கிடைத்தால். பச்சை நீர் உள்ளே வரும் நாளில் அவசரப்பட்டுத் தொடக்கத்திலேயே குளோரினை அதிகமாகப் போடுவதுதான் தவறு. அது பாம் தீவில் செம்பு செய்த வேலையையே செய்யும்.

இங்கேதான் மரபணு ஆய்வு கைகொடுக்கிறது. அணை நீரிலிருந்து எடுத்த மாதிரியில் எம்சிஒய்-ஈ என்ற மரபணு எத்தனை பிரதிகள் உள்ளன என்று பிசிஆர் கருவியால் சில மணி நேரத்தில் எண்ணிவிடலாம். கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரியைச் சோதித்த அதே முறை. எண்ணிக்கை ஏறினால் நஞ்சு உண்டாகும் வாய்ப்பு ஏறுகிறது என்று பொருள். ஆனால் மரபணு இருப்பதாலேயே நஞ்சு இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. சில வகைகளில் வரைபடம் இருந்தும் நடுவில் ஒரு பகுதி சிதைந்து வேலை செய்யாமல் கிடக்கும். பிசிஆர் முன்னெச்சரிக்கை தரும், நஞ்சின் அளவை வேதிச் சோதனைதான் உறுதி செய்யும். இரண்டும் தேவை.

கடலிலும் அதே எழுத்து

ஜொகூர்வாசிகளுக்குப் பாசிப் பெருக்கம் என்றதும் தெப்ராவ் நீரிணைதான் நினைவுக்கு வரும். 2014 பிப்ரவரியில் நீரிணையின் மேற்குப் பகுதியில் கூண்டு மீன்கள் மொத்தமாகச் செத்து மிதந்தன. அதற்குக் காரணமானது கார்லோடினியம் ஆஸ்ட்ராலே என்ற கடல் நுண்ணுயிர். அது டைனோபிளாஜெல்லேட் என்ற வேறொரு கூட்டத்தைச் சேர்ந்தது, சயனோபாக்டீரியா அல்ல. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக்கூடாது.

இருந்தாலும் மரபணு அளவில் ஓர் உறவு உண்டு. சிப்பி, மட்டி வழியே மனிதரை முடக்கும் சாக்ஸிடாக்சினை டைனோபிளாஜெல்லேட்டுகளில் சிலவும் தயாரிக்கின்றன. சபாவில் 1976 முதல் உயிர்களைப் பறித்ததும், 2013இல் குவாந்தானில் பலரை மருத்துவமனைக்கு அனுப்பியதும் அந்த நஞ்சுதான். 2011இல் அலெக்சாண்ட்ரியம் என்ற கடல் இனத்தில், நன்னீர் சயனோபாக்டீரியாவின் சாக்ஸிடாக்சின் மரபணுவை ஒத்த மரபணு கண்டறியப்பட்டது. உறவே இல்லாத இரு உயிர்க் கூட்டங்களிடம் ஒரே வரைபடம். ஏதோ ஒரு பழங்காலத்தில் பாக்டீரியாவிடமிருந்து அது கைமாறியிருக்க வேண்டும் என்பதே பொதுவான கருத்து.

அணைக்கரையில் தூண்டில் போடுவோருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. பச்சை படர்ந்த நீரில் பிடித்த திலாப்பியா போன்ற மீன்களில் மைக்ரோசிஸ்டின் பெரும்பாலும் ஈரலிலும் குடலிலும் சேர்கிறது, சதையில் குறைவு. ஈரல், குடலை முழுதாக அகற்றி நல்ல நீரில் கழுவ வேண்டும். பச்சை நுரை தடித்து நிற்கும் இடத்தில் பிடித்ததை உண்ணாமல் விடுவது மேல். கரையோரம் ஒதுங்கும் அந்த நுரையில்தான் நஞ்சின் செறிவு அதிகம். சிறுவர்கள், நாய்கள், மேய்ச்சல் மாடுகள் எட்டும் இடமும் அதுவே.

மருந்துக்கடையில் பச்சை மாத்திரையாக விற்கும் ஸ்பிருலினாவும் சயனோபாக்டீரியாதான். அதனிடம் மைக்ரோசிஸ்டின் வரைபடம் இல்லை. தூய தொட்டிகளில் வளர்த்தது என்றால் இந்த நஞ்சுக்காக அஞ்ச வேண்டியதில்லை. திறந்த ஏரியிலிருந்து அள்ளும் சத்துப்பொருள்களின் கதை வேறு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கிளாமத் ஏரியிலிருந்து அள்ளப்பட்ட ஒரு பாசி மாத்திரையில் மைக்ரோசிஸ்டிஸும் கலந்து வந்ததால், 1997இல் அம்மாநிலம் கிராமுக்கு 1 மைக்ரோகிராம் என்று வரம்பு விதித்தது. வாங்குமுன் போத்தலில் எங்கே வளர்த்தது என்றும், மைக்ரோசிஸ்டின் சோதனை செய்யப்பட்டதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.